வெப்பமானி சொல்வதும் பொருள் சொல்வதும்

எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்கிறவர்களை முதலில் என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) கருவியின் காந்தத்தின் பக்கமே விடமாட்டார்கள். கையில் ஒரு கண்ணாடித் தகட்டையும் இடுக்கியையும் கொடுத்து நுண்ணோக்கியின் முன் உட்காரவைப்பார்கள். "என்.எம்.ஆர். எங்கேயும் ஓடிப் போயிடாது. இந்தப் பொருள் எந்தச் சூட்டுல என்ன ஆகுதுன்னு முதல்ல கண்ணால பாரும்மா" என்பார் என் ஆய்வு வழிகாட்டி; எங்களுக்கு அவர் சார். வடலூரில் பிறந்து, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்து, சென்னையில் ஆய்வுக்குச் சேர்ந்த எனக்கு இது பெரிய ஏமாற்றம். கோடிக்கணக்கில் விலைபோகும் கருவி பக்கத்து அறையில் இருக்க, இங்கே ஒரு துளிப் பொடியை உருக்கி வேடிக்கை பார்ப்பதா என்று தோன்றியது. கொஞ்ச நாளில் அந்த எண்ணம் போய்விட்டது. திரவப் படிகத்தின் ஒழுங்கை அளக்கும் வேலையில் பாதி, பொருளின் சூட்டைத் தெரிந்துகொள்வதுதான்.

படிக்கும்போது எனக்குத் தெரிந்த என்.எம்.ஆர். வேறு. பொருளை டியூட்டரியம் ஏற்றிய குளோரோஃபார்மில் கரைத்து, ஒல்லியான கண்ணாடிக் குழாயில் ஊற்றிக் கொடுத்தால், கூரிய கோடுகளாக ஒரு நிறமாலை வரும். இந்தக் கோடு பென்சீன் வளையத்துக் கார்பன், அந்தக் கோடு வால் நுனி மீத்தைல் என்று பெயர் எழுதிக் கட்டமைப்பை உறுதிசெய்வோம். கரைசலில் மூலக்கூறு எல்லாத் திசையிலும் உருண்டு புரண்டுகொண்டே இருப்பதால், அது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்ற செய்தி முழுக்க சராசரியாகி அழிந்துபோகும். கோடுகள் கூராக வருவதே அதனால்தான். அழிந்துபோகும் அந்தத் திசைச் செய்தியைத்தான் திரவப் படிகத்தில் திரும்பப் பிடிக்கிறோம்.

1888-இல் பிராக் நகரத்துத் தாவரவியலாளர் ஃபிரீட்ரிக் ரைனிட்சர், கொலஸ்டெரில் பென்சோயேட் என்ற பொருளுக்கு இரண்டு உருகுநிலை இருப்பதைக் கண்டார். 145.5 டிகிரியில் உருகிக் கலங்கலான திரவமானது, 178.5 டிகிரியில் அந்தக் கலங்கல் தெளிந்தது. இடைப்பட்ட கலங்கல் நிலையை ஓட்டோ லேமன் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் சூடாக்கும் மேடை பொருத்திய நுண்ணோக்கியில் பார்த்து, திரவம்போல் ஓடினாலும் இது படிகத்தின் குணம் கொண்டது என்று சொன்னார்.

தைப்பூசத்தன்று வடலூரில் சத்திய ஞான சபைக்கு வரும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. எல்லார் முகமும் சபையைப் பார்த்து இருக்கும். ஆனால் யாருக்கும் நிலையான இடம் கிடையாது. முன்னே, பின்னே, பக்கவாட்டில் நழுவிக்கொண்டே நகர்வார்கள். நெமாட்டிக் என்ற நிலை அப்படிப்பட்டது: திசை ஒன்று, இடம் நிலையில்லை. அதே கூட்டம் 1867-இல் வள்ளலார் தொடங்கிய தருமச்சாலையில் பந்திக்கு உட்கார்ந்தால் வரிசை வந்துவிடும். வரிசைக்குள்ளேயே தள்ளித் தள்ளி உட்காரலாம். அது ஸ்மெக்டிக். ஜோதி தரிசனம் முடிந்து அவரவர் பஸ்ஸைத் தேடிக் கலைந்து போகும்போது சாதாரணத் திரவம். இதில் நாங்கள் அளப்பது ஒன்றே ஒன்று: கூட்டம் சராசரியாக எவ்வளவு சரியாகச் சபையைப் பார்த்திருக்கிறது என்பது. அதற்கு ஆர்டர் பாராமீட்டர் என்று பெயர். எல்லாரும் அச்சுப் பிசகாமல் பார்த்தால் 1, கலைந்துவிட்டால் 0.

பயிற்சிக்கு முதலில் கொடுத்தது ஃபைவ்-சிபி என்ற திரவப் படிகம். இங்கிலாந்தில் ஹல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கிரே குழுவினர் 1970-களின் தொடக்கத்தில் உருவாக்கிய சேர்மங்களில் ஒன்று. கால்குலேட்டருக்கும் கைக்கடிகாரத்துக்கும் நம்பகமான திரை கிடைத்தது இந்தச் சேர்மங்களால்தான். இது ஏறத்தாழ 24 டிகிரியிலிருந்து 35 டிகிரி வரை நெமாட்டிக். ஏ.சி. ஓடும் அறையில் குப்பிக்குள் மோர்த் தண்ணீர்போல் கலங்கி நிற்கும். கத்திரி வெயிலில் வராந்தாவுக்கு எடுத்து வந்தால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே கலங்கல் விலகி, குப்பியின் மறுபக்கத்து எழுத்தைப் படிக்கலாம். நிலை மாறுவது எவ்வளவு திட்டவட்டமானது என்பதை எந்தப் பாடப்புத்தகத்தையும்விட அந்தக் குப்பி நன்றாகக் கற்றுக்கொடுத்தது.

அடுத்தது எங்கள் ஆய்வகத்திலேயே செய்த பொருள். மூன்று பென்சீன் வளையங்கள் ஒரே கோட்டில், நுனியில் நீண்ட கார்பன் வால். கடுகளவுப் பொடியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, மேலே மெல்லிய மூடுகண்ணாடி போட்டு, ஹாட் ஸ்டேஜ் என்ற சூடாக்கும் மேடையில் செருக வேண்டும். மேலும் கீழும் இரண்டு போலராய்டுகள் ஒன்றுக்கொன்று குறுக்காக இருக்கும். அவற்றுக்கிடையே சாதாரணத் திரவம் இருந்தால் பார்வைப்புலம் கருப்பாகத் தெரியும். திசை ஒழுங்கு இருந்தால் மட்டும் ஒளி மறுபக்கம் வரும்.

முழுக்க உருக்கிக் கருப்பாக்கிவிட்டு, நிமிடத்துக்கு ஒரு டிகிரி என்று இறக்கச் சொன்னார் எனக்கு மூத்த ஆய்வு மாணவி. அவரை எல்லாரும் அக்கா என்றே கூப்பிடுவோம். "கண்ணை எடுக்காதே, வரும் பாரு" என்றார். கருப்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒளித்துளிகள் பூத்தன. வட்டமாக வளர்ந்து, ஒன்றையொன்று தொட்டதும் சேர்ந்து, சில நொடிகளில் புலம் முழுவதையும் மூடின. கருப்புப் பட்டைகள் ஒரு புள்ளியில் கூடிப் பிரியும் கோலம் வந்தது. மூடுகண்ணாடியை ஊசி நுனியால் லேசாகத் தட்டினால் கோலம் நெளிந்து ஓடியது. நெமாட்டிக்கின் அடையாளம் அதுதான். இன்னும் இறக்கினால் நெளிவு நின்று, விசிறி விரித்தாற்போன்ற வடிவங்கள் எழும், அது ஸ்மெக்டிக். எந்த டிகிரியில் முதல் துளி, எந்த டிகிரியில் கருப்பு முழுக்கப் போனது, எங்கே முதல் விசிறி என்று நோட்டில் எழுத வேண்டும். அக்கா அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் காந்தத்துக்கு அனுமதி.

காந்த அறைக்குள் போகுமுன் கைப்பேசி, ஏ.டி.எம். கார்டு, வாட்ச் எல்லாவற்றையும் வெளியே வைக்க வேண்டும். பெண்கள் ஹேர்பின், சேஃப்டி பின்னையும் கழற்ற வேண்டும். அதற்கென்றே வாசலில் ஒரு டப்பா உண்டு. உள்ளே ஆளுயரத்துக்கும் மேல் ஒரு எஃகுத் தொட்டி. அதற்குள் திரவ ஹீலியத்தில் மூழ்கிய மீகடத்திச் சுருள், அதைச் சுற்றித் திரவ நைட்ரஜன். 500 மெகாஹெர்ட்ஸ் கருவி என்றால் காந்தப்புலம் 11.7 டெஸ்லா. நம் ஊரில் பூமியின் காந்தப்புலத்தைவிட ஏறக்குறைய மூன்று லட்சம் மடங்கு.

இவ்வளவு பெரிய புலமும் தனி மூலக்கூறு ஒன்றைத் திருப்பி நிறுத்தப் போதாது. வெப்பத்தின் ஆட்டம் அதைவிடப் பல மடங்கு பெரியது. ஆனால் நெமாட்டிக்கில் லட்சக்கணக்கான மூலக்கூறுகள் ஏற்கெனவே ஒன்றையொன்று பார்த்துத் திசை பிடித்திருக்கின்றன. அந்தக் கூட்டம் மொத்தமாகத் திரும்பும்போது சிறிய விசையும் கூடிப் பெரிதாகிவிடுகிறது. திரும்புவதற்குக் காரணம் பென்சீன் வளையம். காந்தப்புலம் வளையத்தின் தளத்தில் கிடந்தால் ஆற்றல் குறைவு. தளத்துக்குக் குறுக்கே வந்தால் அதிகம். படிகங்களில் இப்படித் திசைக்குத் திசை காந்தக் குணம் மாறுவதை 1930-களில் துல்லியமாக அளந்தவர் கே. எஸ். கிருஷ்ணன். விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்தவர், கல்கத்தாவில் சி. வி. ராமனோடு வேலை பார்த்துவிட்டு, டாக்காவில் இருந்தபோது இந்த அளவீடுகளை வளர்த்தெடுத்தார். பெயரைக் கேட்டதும் நமக்கு ராமன் விளைவுதான் நினைவுக்கு வரும். எங்கள் வேலைக்கு வேண்டியது அவருடைய காந்த அளவீடுகள்.

திரவப் படிகத்துக்கும் இந்த நாட்டில் நல்ல பரம்பரை உண்டு. பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தில் எஸ். சந்திரசேகர் (வானியல் சந்திரசேகர் அல்ல, இவரும் ராமனின் உறவினர்தான்) 1977-இல் பி. கே. சதாசிவா, கே. ஏ. சுரேஷ் ஆகியோருடன் சேர்ந்து, தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று காட்டினார். அதுவரை குச்சி வடிவம்தான் வேண்டும் என்று உலகம் நம்பியிருந்தது. தட்டுகள் காந்தத்துக்குள் குச்சிகளைப்போல் நிற்பதில்லை. தட்டின் தளம் புலத்தை ஒட்டிக் கிடக்கும், தட்டுகள் அடுக்கிய தூண்கள் புலத்துக்குக் குறுக்கே சாயும். எந்தப் பக்கம் சாய்வது என்று புலம் சொல்வதில்லை. குச்சி மூலக்கூறுகளில் கற்றதை அப்படியே தட்டுக்குப் பொருத்தக் கூடாது என்று சார் தொடக்கத்திலேயே எச்சரித்துவிட்டார்.

பொருளை ரோட்டார் என்ற சிர்க்கோனியாக் குப்பியில் திணிக்க வேண்டும். விரலிடுக்கில் அடங்கும் சிறு உருளை. பொடியாகவே போட்டால் இடையில் காற்று நிற்கும். உருக்கி உருக்கி நிரப்ப வேண்டும். ஆபரேட்டர் அண்ணன் அதைக் காந்தத்துக்குள் இருக்கும் ப்ரோபில் பொருத்தி, தெளியும் சூட்டைத் தாண்டிச் சில டிகிரி ஏற்றிவிட்டு, மெல்ல இறக்குவார். நெமாட்டிக் வழியாக இறங்கும் பொருள் கண்மூடித் திறப்பதற்குள் புலத்தோடு இணங்கிவிடும். ஸ்மெக்டிக் பிடிவாதக்காரன். அடுக்குகள் ஒருமுறை தாறுமாறாக அமைந்துவிட்டால் காந்தம் அவற்றை அசைக்காது. அதனால்தான் மேலிருந்து இறங்கி வர வேண்டும், அவசரப்படக் கூடாது.

நிறமாலை திரையில் வந்ததும் கரைசல் நிறமாலையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே கார்பன்கள், ஆனால் ஊர் விட்டு ஊர் போயிருந்தன. கரைசலில் 110-லிருந்து 165 பி.பி.எம். வரை இருந்த வளையக் கார்பன்கள் வலுவாக இடப்பக்கம் நகர்ந்து, சில 200-ஐயும் தாண்டியிருந்தன. வால் கார்பன்கள் மட்டும் கொஞ்சம் வலப்பக்கம் வந்திருந்தன. காரணம் எளிது. கார்பனைச் சுற்றியுள்ள எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தைக் கொஞ்சம் மறைக்கின்றன; அந்த மறைப்பு திசைக்குத் திசை மாறும். கரைசலில் ஒவ்வொரு கார்பனும் எல்லாத் திசை மறைப்பின் சராசரியைக் காட்டுகிறது. இப்போது வளையங்களின் நீளவாட்டு அச்சு புலத்தோடு நிற்பதால், வளையத் தளத்துக்குக் குறுக்கே இருக்கும் மிகுந்த மறைப்பின் பங்கு குறைந்துவிடுகிறது. மறைப்பு குறைந்தால் கோடு இடப்பக்கம் போகும். எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு ஒழுங்கு.

இங்கேதான் சூடு குறுக்கே வருகிறது. கருவியில் காட்டும் டிகிரி, குப்பியைச் சுற்றி ஓடும் வாயுவின் டிகிரி. உணர்கருவி வாயுப் பாதையில் இருக்கிறது, பொருளுக்குள் இல்லை. கார்பன்-13 இயற்கையில் 1.1 சதவீதம்தான் இருப்பதால், குறிகையை எடுக்க ஹைட்ரஜனின் காந்த வலிமையைக் கார்பனுக்குக் கடத்த வேண்டும். பிறகு ஹைட்ரஜனின் குறுக்கீட்டை அணைக்க வலுவான ரேடியோ அலையை அடிக்க வேண்டும். அந்த அலை பொருளையே சூடாக்கிவிடும். ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் ஃபுங், கித்ரின், எர்மொலாயெவ் மூவரும் 2000-இல் வெளியிட்ட ஸ்பைனல்-64 என்ற துடிப்பு வரிசை, இந்தத் தொல்லைக்காகத் திரவப் படிகங்களை மனத்தில் வைத்தே உருவாக்கப்பட்டது. குறைந்த அலைவலிமையில் நிறைய சாதிக்கும். அது இருந்தும் சூடு முழுக்கப் போகாது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே பொருள் ஆறுவதற்கு நேரம் கொடுக்க வேண்டும்.

அப்படியானால் பொருளின் உண்மையான சூடு என்ன? "அதுகிட்டயே கேளு" என்றார் சார். தெளியும் எல்லையை நெருங்கி, அரை டிகிரி, அரை டிகிரியாக ஏற்றி நிறமாலை எடுக்கச் சொன்னார். இடப்பக்கம் தள்ளிப்போயிருந்த கோடுகள் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தன. பிறகு ஒரு சூட்டில் இரண்டு கூட்டமும் ஒரே நிறமாலையில் தெரிந்தன: கரைசலில் இருக்கும் இடத்திலேயே ஒரு வரிசை, தள்ளிப்போன இடத்தில் இன்னொரு வரிசை. குப்பியின் ஒரு பகுதி தெளிந்து, மறுபகுதி இன்னும் நெமாட்டிக்காகவே இருந்தது. அடுத்த படியில் தள்ளிப்போன வரிசை காணாமல் போனது. அந்தச் சூட்டை நுண்ணோக்கியில் எழுதிவைத்த தெளியும் சூட்டோடு ஒப்பிட்டால், கருவி காட்டுவதற்கும் பொருள் உணர்வதற்கும் உள்ள வித்தியாசம் கிடைத்துவிடும். இரண்டு வரிசையும் பல டிகிரிக்குச் சேர்ந்தே தெரிந்தால், குப்பியின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் சூடு ஒன்றாக இல்லை என்று பொருள். வாயு ஓட்டத்தைச் சரிசெய்ய வேண்டும். நுண்ணோக்கிக்கு அத்தனை வாரம் ஏன் என்ற கேள்விக்கு அன்று விடை கிடைத்தது. கையெழுத்துப் போட்ட அந்தப் பக்கம் இல்லாவிட்டால் கருவியின் டிகிரியை ஒப்பிட எனக்கு எதுவுமே இருந்திருக்காது.

கோடு நகர்ந்த தூரம் ஒழுங்கைக் காட்டும் என்றாலும், எண்ணாகச் சொல்ல இன்னும் நேரடியான வழி உண்டு. கார்பனும் அதன் பக்கத்து ஹைட்ரஜனும் இரண்டு சிறு காந்தங்கள். ஒன்றையொன்று உணர்வதால் கார்பனின் கோடு பிளக்கும். அந்தப் பிளவின் அளவு, அவற்றை இணைக்கும் கோடு புலத்தோடு ஆக்கும் கோணத்தைப் பொறுத்தது. கோணத்தின் கொசைனை வர்க்கப்படுத்தி, 3-ஆல் பெருக்கி, 1-ஐக் கழித்து, 2-ஆல் வகுத்தால் வரும் எண்தான் கணக்கு. 54.7 டிகிரியில் அது பூஜ்யமாகிவிடும். முறுக்கிய கயிறுபோல் பின்னிக் கிடக்கும் கோடுகளை இரண்டு பரிமாணங்களில் பிரித்து, ஒரு பக்கம் கார்பன் எது என்றும், இன்னொரு பக்கம் ஹைட்ரஜனோடு அதன் பிணைப்பு எவ்வளவு என்றும் காட்டும் சோதனைகள் உண்டு. அவற்றில் பெயர்பெற்ற பிசீமா, 1994-இல் அமெரிக்காவில் ஸ்டான்லி ஒபெல்லாவின் ஆய்வகத்தில் உருவானது; அதை உருவாக்கிய மூவரில் ஒருவர் தமிழரான அய்யலுசாமி ராமமூர்த்தி. சவ்வுப் புரதங்களுக்காக வந்த முறை திரவப் படிகத்துக்கும் கைகொடுத்தது. 2007-இல் அதே வழியில் சாம்பி-4 வந்தது. சென்னை அடையாறில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் டி. நரசிம்மசாமி, ராமமூர்த்தியோடு சேர்ந்து 2005-இல் இந்த வகை ஆய்வுகளை வெளியிட்டார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் கே. வி. ராமநாதனோடும் தொடர்ந்து வேலை செய்தார். தோல் ஆராய்ச்சி நிலையத்தில் திரவப் படிகமா என்று ஊரில் கேட்பார்கள். அங்கே பாலிமர் வேதியியலுக்கு நீண்ட பழக்கம் உண்டு, அதன் தொடர்ச்சி இது.

எண்ணைப் பிழிந்தெடுக்கும் இடத்தில் என்னை வியக்கவைத்தது கோணம். பென்சீன் வளையத்தில் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பு, வளையத்தின் நீளவாட்டு அச்சோடு 60 டிகிரி ஆக்கும் என்பது பாடம். மேலே சொன்ன கணக்கில் 60-க்கு விடை −0.125. அதையே 59 டிகிரி என்று வைத்தால் −0.102. பூஜ்யமாகும் 54.7-க்குப் பக்கத்திலேயே நிற்பதால், ஒரே ஒரு டிகிரி மாறினால் விடை கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு மாறிவிடுகிறது. அளந்த பிளவு எவ்வளவு கூராக இருந்தாலும், கோணத்தைத் தவறாக ஊகித்தால் ஆர்டர் பாராமீட்டர் தப்பும். அதனால் ஒரு பிளவை மட்டும் நம்புவதில்லை. ஹைட்ரஜன் நேரடியாக ஒட்டிய கார்பனின் பிளவு, ஹைட்ரஜன் இல்லாத கார்பன் தன் அண்டை ஹைட்ரஜன்களை உணரும் சிறு பிளவு, இரண்டுக்கும் ஒரே கோணமும் ஒரே ஒழுங்கும் பொருந்துகிறதா என்று பார்ப்போம். வளையம் தன் அச்சிலேயே புரள்கிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

முதல் பொருளுக்கு முழுக் கணக்கும் முடிந்தபோது, மூன்று வளையங்களும் ஒரே மாதிரி இல்லை என்று தெரிந்தது. நடுவளையம் விறைப்பாக நின்றது, ஓர வளையம் சற்றுத் தளர்வு. வாலில் வளையத்தை ஒட்டிய கார்பனிலிருந்து நுனி மீத்தைல் வரை ஒழுங்கு படிப்படியாக இறங்கிக்கொண்டே போனது. நெமாட்டிக்கில் தெளியும் எல்லைக்கு அருகே 0.3, 0.4 என்று இருக்கும் எண், சூடு இறங்க இறங்க 0.6-க்கு மேல் ஏறும். எந்த மூலக்கூறையும் பிடித்துவைத்துப் பார்த்து வந்ததல்ல அது. நொடிக்குக் கோடிக்கணக்கான முறை ஆடிக்கொண்டிருக்கும் கூட்டத்தின் சராசரி. திரைக்குள் போகும் பொருள் எவ்வளவு வேகமாக மின்புலத்துக்குத் திரும்பும், எவ்வளவு தெளிவாக ஒளியை மறிக்கும் என்பதெல்லாம் இந்தச் சராசரியில்தான் தொங்குகிறது.

இப்போது என் நோட்டில் ஒவ்வொரு ஆர்டர் பாராமீட்டருக்கும் பக்கத்தில் இரண்டு டிகிரி இருக்கும்: கருவி காட்டியது, பொருள் காட்டியது. அக்கா சொல்லிக்கொடுத்த பழக்கம். ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கும்போதும் அந்த இரண்டாவது டிகிரியைத்தான் முதலில் தேடுகிறேன். சூட்டை எப்படித் தெரிந்துகொண்டார்கள் என்று எழுதாத அட்டவணையை வேறொரு பொருளோடு ஒப்பிட முடியாது.

ஊருக்குப் போகும்போது சிதம்பரத்தில் படிக்கும் பிள்ளைகள் சிலர், என்.எம்.ஆர். கருவி இல்லாத கல்லூரியில் இதை எப்படித் தொடங்குவது என்று கேட்பதுண்டு. கருவி கடைசியில்தான் வேண்டும் என்பேன். பழுதான கால்குலேட்டர் திரையிலிருந்து உரித்த இரண்டு போலராய்டு ஏடுகள், ஒரு சூடாக்கும் தட்டு, ஒரு வெப்பமானி, கல்லூரியின் பழைய நுண்ணோக்கி, கொஞ்சம் கொலஸ்டெரில் பென்சோயேட் போதும். ரைனிட்சர் பார்த்த இரண்டு உருகுநிலையையும் நீங்களே பாருங்கள். ஏற்றும்போது ஒரு முறை, இறக்கும்போது ஒரு முறை எழுதுங்கள். தெளியும் சூடு இரண்டு முறையும் ஒத்துப்போகாவிட்டால் இன்னும் மெதுவாக இறக்குங்கள். சென்னைக்கோ பெங்களூருக்கோ வந்து காந்தத்துக்காக வரிசையில் நிற்கும் நாளில், எந்தச் சூட்டில் எடுக்க வேண்டும் என்று ஆபரேட்டர் கேட்பார். அதற்குப் பதில் அந்த நோட்டில் ஏற்கெனவே இருக்கும்.